செயற்றிட்டத்தின் வெற்றியை அளப்பது எவ்வாறு? கல்லோயாவை முன்வைத்து ஒரு விமர்சனம்

இலங்கையின் கிழக்கே ஓடும் பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்து அணை கட்டும் பணி 1949 ஆம் ஆண்டில் ஆரம்பமாயிற்று. சுதந்திர இலங்கை மேற்கொண்ட முதலாவது பெரும் பல்நோக்குச் செயற்றிட்டம் அதுவே. ஐக்கிய அமெரிக்காவில் 1933 இல் நிறுவப்பட்ட தெனசிப் பள்ளத்தாக்கு அதிகாரசபையை முன்மாதிரியாகக் கொண்டு, கல்லோயா அபிவிருத்திச் சபை தனிச்சட்டத்தின் மூலம் அமைக்கப்பட்டது. மொரிசன் நட்சன் என்னும் அமெரிக்க நிறுவனம் அணையைக் கட்டியது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் சேனநாயக்க சமுத்திரம் உருவாயிற்று. ஏறத்தாழ 770,000 ஏக்கரடி நீரைக் கொள்ளவல்ல அது இன்றும் இத்தீவின் மிகப்பெரிய நீர்த்தேக்கமாகும். கட்டுமான நோக்கில் இதனைத் தோல்வி என எவரும் கூறார்.

ஆயின், கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகப் புவியியலாளர் பி. எச். பார்மர் தலைமையிலான மதிப்பீட்டுக் குழு 1970 ஆம் ஆண்டு வெளியான அறிக்கையில் வேறொரு முடிவைத் தந்தது. செயற்றிட்டத்தின் செலவு அதனால் விளைந்த பயனிலும் மிக்கது என்பதே அம்முடிவு. ஏறக்குறையப் பத்தாண்டு கழித்து அதே பள்ளத்தாக்கின் இடதுகரையில் இன்னொரு செயற்றிட்டம் தொடங்கியது. அது புதிய அணை எதனையும் கட்டவில்லை. தான் எழுதிவைத்த திட்டத்தையும் முழுமையாகப் பின்பற்றவில்லை. எனினும் அது விட்டுச்சென்ற அமைப்பு, செயற்றிட்டம் முடிவடைந்து பன்னிரண்டு ஆண்டுகளின் பின்னரும் பயன் தந்தது.

ஒரே நிலத்தில், ஒரே நீரை வைத்து நடந்த இவ்விரு முயற்சிகளையும் ஒப்புநோக்குவது, செயற்றிட்ட முகாமைத்துவம் என இன்று எமது பல்கலைக்கழகங்களிற் கற்பிக்கப்படும் துறையை விமர்சன ரீதியில் அணுகுவதற்கு உதவும். சிறந்த முகாமைத்துவ நடைமுறைகள் செயற்றிட்டத்தின் வெற்றிக்கு வழிவகுக்கும் என்பது அத்துறையின் அடிப்படைக் கூற்று. இக்கூற்றை நாம் மறுக்கவில்லை. ஆனால் வெற்றி எனப்படுவது எது, அதனைத் தீர்மானிப்பவர் யார் என்ற வினாக்களுக்கு விடை காணாதவரை அக்கூற்று பொருளற்றது என்பதே எமது கருத்தாகும்.

1

முதலிலே இத்துறையின் தோற்றத்தைச் சிறிது நோக்குவோம். பணிகளைக் காலவரிசையிற் கோடுகளாகக் காட்டும் கான்ற் வரைபடம் முதலாம் உலகப் போர்க்காலத்திற் பிரபலமாயிற்று. 1957 ஆம் ஆண்டளவில் டூபொன்ற் இரசாயன நிறுவனத்தில் மாறுநிலைப் பாதை முறை உருவாயிற்று. 1958 இல் அமெரிக்கக் கடற்படையின் பொலாறிஸ் ஏவுகணைத் திட்டத்திற்காகப் பேர்ட் எனச் சுருக்கமாக அழைக்கப்படும் வலையமைப்பு முறை வகுக்கப்பட்டது. போர்த்தளவாட உற்பத்தியினதும் பெருமுதல் நிறுவனங்களினதும் தேவைகளே இத்துறையின் தொட்டிலாக அமைந்தன என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. கட்டளையிடுபவர் ஒருவர்; பெறுபேறு ஒரு பொருள்; அது குறித்த நாளிற் கிடைக்க வேண்டும் என்பதே அத்தேவை.

இத்தேவைக்கேற்பவே வெற்றியின் அளவுகோலும் அமைந்தது. காலம், செலவு, தரம் ஆகிய மூன்றையும் ஒரு முக்கோணத்தின் பக்கங்களாகக் காட்டும் மரபு 1969 ஆம் ஆண்டளவில் மார்ட்டின் பார்ன்ஸ் என்னும் ஆங்கிலேயப் பொறியியலாளரால் வகுக்கப்பட்டது. குறித்த காலத்தில், குறித்த செலவில், குறித்த தரத்திற் செய்து முடித்தால் வெற்றி. ஏதேனும் ஒன்று தவறினால் குறைபாடு. பின்னர் எழுந்த பாடநூல்கள் பலவற்றிற்கு இம்முக்கோணமே அத்திவாரம்.

இவ்வத்திவாரம் போதாது என்பதை மேலை நாட்டு அனுபவமே உணர்த்தியது. சிட்னி நகரின் ஒப்பெரா மாளிகை 1963 இல் முடியும் எனவும் 7 மில்லியன் அவுஸ்திரேலிய டொலர் செலவாகும் எனவும் மதிப்பிடப்பட்டது. அது 1973 இலேயே திறக்கப்பட்டது; செலவு 102 மில்லியன் டொலராயிற்று. அதனை வடிவமைத்த யோன் உற்சன் 1966 இல் இடைநடுவே விலகினார். முக்கோணத்தின்படி அது படுதோல்வி. இன்றோ அது ஒரு நாட்டின் அடையாளமாகவும் உலக மரபுரிமைச் சின்னமாகவும் விளங்குகின்றது. இதனை வீண்விரயத்திற்கான சமாதானமாகக் கொள்ளுதல் தவறு. ஆயினும் முகாமைத்துவத்தின் வெற்றியும் செயற்றிட்டத்தின் வெற்றியும் வெவ்வேறானவை என்ற உண்மையை இது தெளிவுறுத்துகின்றது. 1988 இல் டி விற் என்பார் இவ்வேறுபாட்டைத் துறைசார் மொழியில் வற்புறுத்தி எழுதிய பின்னரே பாடநூலார் இதனை ஓரளவேனும் கருத்திற்கொண்டனர்.

இதனினும் ஆழமான விமர்சனம் ஒன்றுண்டு. பொலாறிஸ் திட்டத்தை ஆராய்ந்த ஹாவி சபோல்ஸ்கி 1972 இல் வெளியிட்ட நூலில், அத்திட்டத்தின் வெற்றிக்குப் பேர்ட் முறை தொழினுட்ப ரீதியாக ஆற்றிய பங்கு சொற்பமே என வாதிட்டார். அவர் கருத்துப்படி, அம்முறையின் உண்மையான பயன் வேறு. நவீன முகாமைத்துவ முறை கையாளப்படுகின்றது என்ற தோற்றம், வெளியார் தலையிட்டுக் கேள்வி கேட்பதைத் தடுக்கும் கவசமாயிற்று. அதாவது, முகாமைத்துவ நடைமுறை வேலையைச் செய்விக்கும் கருவியாக மட்டுமன்றி, வேலையைச் செய்பவரைக் கேள்விக்கு அப்பாற்படுத்தும் கருவியாகவும் இயங்க வல்லது. எமது நாட்டு அனுபவத்தை விளங்கிக்கொள்வதற்கு இக்கருத்து மிக இன்றியமையாதது.

2

இனி முதலாவது கல்லோயாவுக்கு வருவோம். அச்செயற்றிட்டத்தின் அதிகாரம் முழுவதும் ஒரு சபையிடம் குவிக்கப்பட்டிருந்தது. காடழித்தல், வீதியமைத்தல், வாய்க்கால் வெட்டுதல், குடியேற்றுதல் யாவும் அதன் பொறுப்பு. திணைக்களங்களின் இழுபறிகளைத் தவிர்த்து விரைந்து செயற்படுவதற்கு இவ்வமைப்பு வழிசெய்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே அமைப்பு, அந்நிலத்தில் ஏலவே வாழ்ந்தவர்களிடமோ புதிதாக வந்து குடியேறியவர்களிடமோ கேட்டறிய வேண்டிய அவசியத்தையும் இல்லாமற் செய்தது.

ஆற்றின் கீழ்ப்புறத்தே தமிழரும் முஸ்லிம்களும் தலைமுறை தலைமுறையாக நெல் விளைவித்து வந்தனர். வட்டைக்கு ஒரு விதானையை நியமித்து, அவர் மேற்பார்வையில் நீர் பங்கிடும் வழக்கம் அவர்களிடையே இருந்தது. 1856 ஆம் ஆண்டு நீர்ப்பாசனக் கட்டளைச்சட்டத்தை ஆக்கிய குடியேற்ற ஆட்சியே அழிந்துவந்த கிராமிய நீர்ப்பங்கீட்டு வழக்கங்களுக்குச் சட்டவலு அளிக்க முற்பட்டது. நூறாண்டு கழித்து வந்த சுதந்திர அரசின் நவீன சபையோ நீரைப் பொறியியலாளர் திறந்துவிடும் ஒரு கனவளவாக மாத்திரமே கண்டது.

மேற்புறத்தே பெரும்பான்மையாகச் சிங்களக் குடும்பங்கள் குடியேற்றப்பட்டன. இக்குடியேற்றம் கிழக்கின் குடித்தொகை விகிதத்தையும் அதன்வழி அரசியற் பலத்தையும் மாற்றும் என்ற தமிழ் பேசும் மக்களின் அச்சம் பொறியியல் வரைபடங்களில் இடம்பெறத்தக்க ஒன்றன்று. 1956 ஜூன் மாதத்தில், அரசகரும மொழி மசோதா பாராளுமன்றத்தில் இருந்தபோது, கல்லோயாப் பள்ளத்தாக்கிலே தமிழருக்கு எதிரான வன்முறை வெடித்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர் என்றும், கைப்பற்றப்பட்ட அரசாங்க வாகனங்களும் நிலம் வெட்டும் பொறிகளும் அவ்வன்முறைக்குப் பயன்படுத்தப்பட்டன என்றும் பத்திரிகையாளர் தார்சி வித்தாச்சி 1958 இல் எழுதிய நூலிற் பதிவு செய்துள்ளார். சமூகத்தை வளம்படுத்துவதற்கென வந்த பொறிகளே சமூகத்தைச் சிதைப்பதற்குப் பயன்பட்டன. செலவு-பயன் பகுப்பாய்வில் இதனை எந்த நிரலில் இடுவது? காலம், செலவு, தரம் என்ற முக்கோணத்தில் இதற்கு எப்பக்கத்தில் இடமுண்டு? 

பொருளாதார நோக்கில் மட்டும் பார்ப்பினும் நிலைமை மகிழ்ச்சிக்குரியதாய் இருக்கவில்லை. எழுபதுகளின் இறுதியளவில் இடதுகரை வாய்க்கால்கள் தூர்ந்துபோயிருந்தன. மதகுக் கதவுகள் பல உடைந்து கிடந்தன. தலைப்பகுதி விவசாயிகள் வேண்டியதற்கு மேலாக நீரை எடுத்தனர். சிறுபோகத்திற் கடைப்பகுதிக்கு நீர் சென்றடைவதே அரிதாயிற்று. தலைப்பகுதியிற் பெரும்பாலும் சிங்களவரும் கடைப்பகுதியிலே தமிழரும் இருந்தமையால் நீர்ப்பிணக்கு இனப்பிணக்காக மாறும் அபாயமும் இருந்தது. விவசாயிகள் ஒழுங்கற்றவர்கள் என அதிகாரிகள் குறைகூறினர். அதிகாரிகளை நம்ப முடியாது என விவசாயிகள் கூறினர்.

3

இவ்விடத்திலே செயற்றிட்ட அறிக்கைகளின் மொழி குறித்துச் சில கூறுதல் பொருத்தமாகும். இலக்கிய மாணவர் ஒரு பிரதியை வாசிப்பது போன்று இவ்வறிக்கைகளை வாசித்தல் பயனுடையது. ‘அணை கட்டப்பட்டது’, ‘காணி வழங்கப்பட்டது’, ‘குடும்பங்கள் குடியமர்த்தப்பட்டன’ என்பன போன்ற செயப்பாட்டு வினைகளே அவற்றில் நிறைந்து காணப்படும். செய்தவர் யார் என்பது வாக்கியத்தில் மறைந்துவிடும். அதனாற் பொறுப்பும் மறைந்துவிடும். விவசாயி அங்கே எழுவாயாக வருவதில்லை. அவர் ‘பயனாளி’. கொடுப்பதைப் பெற்றுக்கொள்வது ஒன்றே அச்சொல் அவருக்கு விதித்துள்ள கருமம்.

‘திட்டம்’ என்ற எமது சொல்லும் சிந்திக்கத்தக்கது. வருங்காலச் செயலுக்கான ஏற்பாடு என்ற பொருளோடு, செவ்வை, வரையறை என்ற பொருள்களும் அதற்கு உண்டு. ‘திட்டமாகச் சொல்’ என்று கூறும்பொழுது ஐயத்திற்கு இடமின்றிச் சொல் என்றே பொருள்படுகின்றது. ஐயத்திற்கு இடமின்மை கணக்குக்கு நன்று. ஆனால் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வாழ்வோடு தொடர்புடைய ஒரு முயற்சியில், ஐயுறவும் திருத்தமும் இடம்பெறாதவாறு முன்கூட்டியே யாவற்றையும் வரையறுத்துவிடுதல் அறியாமையின் வெளிப்பாடேயாகும். டேவிட் கோர்ட்டன் 1980 இல் எழுதிய கட்டுரையில், அச்சுவரைபட அணுகுமுறை என ஒன்றையும் கற்றல்வழி அணுகுமுறை என மற்றொன்றையும் வேறுபடுத்திக் காட்டியமை இத்தொடர்பிலேயேயாகும். முன்னையது யாவும் தெரியும் என்ற எடுகோளுடன் தொடங்குவது; பின்னையது தவறுகளை ஏற்று, அவற்றிலிருந்து கற்று, மெல்ல வளர்வது.

4

இரண்டாவது கல்லோயா இத்தகைய கற்றல்வழியில் நடந்த ஒன்றாகும். ஐக்கிய அமெரிக்காவின் சர்வதேச அபிவிருத்தி முகவரகத்தின் உதவியுடன் 1979 இல் தொடங்கி 1985 வரை நடைபெற்ற கல்லோயா நீர் முகாமைத்துவச் செயற்றிட்டம், அடிப்படையில் வாய்க்கால்களைச் சீர்செய்யும் திட்டமேயாகும். விவசாயிகளின் பங்கேற்பு என்பது வயல் வாய்க்கால்களைச் சீர்செய்வதற்கு அவர்களின் இலவச உழைப்பைப் பெறும் வழியாகவே தொடக்கத்திற் பெரிதும் கருதப்பட்டது. கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவகமும் கோர்ணெல் பல்கலைக்கழகமும் இப்பகுதிப் பொறுப்பை ஏற்றன. நோர்மன் அப்ஹொவ் அவ்வனுபவத்தைப் பின்னர் 1992 இல் விரிவான நூலாக எழுதினார்.

பல்கலைக்கழகப் பட்டதாரிகளான இளைஞரும் யுவதிகளும் ‘நிறுவன அமைப்பாளர்’ என்ற பெயரில் 1981 ஆம் ஆண்டு இடதுகரைக்கு அனுப்பப்பட்டனர். அவர்கள் சட்டவிதிகளையோ உறுப்பினர் படிவங்களையோ கொண்டுசெல்லவில்லை. வயல் வாய்க்கால் ஒன்றிலிருந்து நீர் பெறும் பத்துப் பதினைந்து குடும்பங்களை நேரிற் சந்தித்து, முதலில் எதைச் செய்யலாம் எனக் கேட்டனர். அவ்வாண்டுச் சிறுபோகத்தில் நீர்த்தேக்கத்தில் நாலிலொரு பங்களவு நீரே இருந்தது. செயற்றிட்டம் ஒன்றைத் தொடங்குவதற்கு இதனினும் பாதகமான காலம் இருத்தல் அரிது. ஆயினும் பல ஆண்டுகளாகத் துப்புரவு செய்யப்படாத வாய்க்கால்களை விவசாயிகள் சிரமதானமாகத் துப்புரவு செய்தனர். முறைவைத்து நீர் பங்கிட்டனர். சேமித்த நீரைக் கடைப்பகுதியினருக்கு விட்டனர். அவ்வாறு நீர் பெற்றவருள் தமிழ் விவசாயிகளும் இருந்தனர்.

இவ்வெற்றிக்குக் காரணமான முகாமைத்துவ நடைமுறைகள் எவை? நாம் மூன்றினை எடுத்துக்காட்டலாம். முதலாவது, வேலை முன்னும் அமைப்புப் பின்னுமாக வைக்கப்பட்டமை. கூட்டு வேலையிற் பழகிய பின்னரே அமைப்பு முறைப்படுத்தப்பட்டது. இரண்டாவது, விவசாயப் பிரதிநிதிகள் வாக்கெடுப்பின்றி ஒருமித்த சம்மதத்தினாலே தெரிவுசெய்யப்பட்டமை. இது கட்சி அரசியலின் பிளவுகள் வாய்க்காலினுள் புகாது தடுத்தது. மூன்றாவது, பிரதிநிதிகள் அதிகாரிகளுடன் ஒரே மேசையில் அமர்ந்து தீர்மானங்களிற் பங்குகொண்டமை. பொறியியலாளர் விவசாயிகளோடு வாய்க்கால் வழியே நடந்து, வரைபடத்திற் காணாத மேடுபள்ளங்களை அவர்கள் வாயிலாக அறிந்தனர். 

முக்கோண அளவுகோலின்படி இச்செயற்றிட்டத்திற் குறைகள் பல. நிறுவன அமைப்பாளரின் பதவிகள் தற்காலிகமானவை. நிரந்தர ஆசிரிய நியமனங்கள் கிடைத்ததும் அவர்களிற் பெரும்பாலோர் விலகிச் சென்றனர். பயிற்றப்பட்ட ஆளணி இவ்வாறு கலைந்துபோவதை எந்த முகாமைத்துவப் பாடநூலும் தோல்வியின் அறிகுறி என்றே கூறும். ஆனால் அமைப்பின் உயிர் ஆளணியில் இல்லாது விவசாயிகளிடத்தே இருந்தமையால் அது கலையவில்லை. 1983 ஆம் ஆண்டின் கொடூரங்கள் நாட்டை உலுக்கிய காலத்திலும் அது நிலைத்தது.

முடிவான சான்று 1997 ஆம் ஆண்டுச் சிறுபோகத்திற் கிடைத்தது. நீர்த்தேக்கத்தில் உள்ள நீர் 15,000 ஏக்கருக்கே போதும் என அதிகாரிகள் அறிவித்தனர். கல்லோயா விவசாயிகளோ தம்முள் நீரைப் பகிர்ந்து 65,000 ஏக்கரிற் பயிரிட்டு நல்ல விளைச்சலைக் கண்டனர் என அப்ஹொவும் சி. எம். விஜயரத்னவும் 2000 ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையிற் காட்டியுள்ளனர். நாடு உள்நாட்டுப் போரில் மூழ்கியிருந்த ஆண்டு அது. செயற்றிட்டத்தின் கோவைகள் 1985 இலேயே மூடப்பட்டுவிட்டன. அதன் நிறைவு அறிக்கையில் இவ்வெற்றி இடம்பெற்றிருத்தல் இயலாது. 

5

இவ்வனுபவத்தை ஓர் அற்புதமாகக் காண்பதும் தவறாகும். அப்ஹொவ் தமது நூலில் மனித விழுமியங்களுக்கும் நட்புறவுக்கும் முதன்மை அளிக்கின்றார். அவற்றின் பங்கினை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் அவ்விழுமியங்கள் செயற்படுவதற்கான பொருளியற் சூழ்நிலையை அவர் போதிய அளவு அழுத்தவில்லை என்றே கூறுதல் வேண்டும். குடியேற்றத்திட்டத்தில் விவசாயிகளின் காணிகள் ஏறத்தாழ ஒத்த அளவினவாய் வழங்கப்பட்டிருந்தன. சட்டப்புறம்பான குத்தகையும் ஈடும் அச்சமத்துவத்தை அரித்திருந்தாலும், வயல் வாய்க்கால் ஒன்றின் இருமருங்கும் இருந்தோர் பெரும்பாலும் ஒரே வர்க்க நிலையினர். போடியாரும் கூலியாளும் ஒரே வாய்க்காலில் நீர் பெறும் வட்டையொன்றில் ஒருமித்த சம்மதம் என்பது போடியாரின் சம்மதமாகவே முடியக்கூடும். ஆகவே பங்கேற்பு எங்கும் ஒரே பலனைத் தரும் எனக் கொள்வதற்கில்லை. சொத்துறவுகளை நோக்காது அதனை ஒரு நுட்பமாக மட்டும் பெயர்த்து நடுதல் மீண்டும் அச்சுவரைபட அணுகுமுறைக்கே இட்டுச்செல்லும்.

இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். 1988 இன் பின்னர் பங்கேற்பு நீர்ப்பாசன முகாமைத்துவம் அரச கொள்கையாயிற்று. கமக்காரர் அமைப்புகள் எங்கும் தோன்றின. வாய்க்கால் பராமரிப்புச் செலவை அரசின் தோளிலிருந்து விவசாயியின் தோளுக்கு மாற்றுவதற்கும் அதே சொல் பயன்படக்கூடும். தீர்மானிக்கும் உரிமை கைமாறாது பொறுப்பு மட்டும் கைமாறுமாயின் அது பங்கேற்பு ஆகாது. மேலும், இரண்டாவது கல்லோயா நீர்ப்பங்கீட்டைச் சீர்செய்ததேயன்றி, முதலாவது கல்லோயா எழுப்பிய காணி, குடியேற்றம், அதிகாரம் பற்றிய வினாக்களைத் தீர்க்கவில்லை. அவை ஒரு செயற்றிட்டத்தாற் தீர்க்கத்தக்கனவும் அல்ல. 

6

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். செயற்றிட்டத்தின் வெற்றியை நிர்ணயிக்கும் முகாமைத்துவ நடைமுறைகளுள் தலையாயது, தீர்மானிக்கும் உரிமையை யாரிடம் வைப்பது என்பதாகும். கால அட்டவணையும் செலவுக் கட்டுப்பாடும் இன்றியமையாதன. ஆனால் அவை அவ்வுரிமைக்குத் துணைநிற்க வேண்டுமேயன்றி அதனை மறைக்கும் திரையாதல் கூடாது. முப்பது ஆண்டுக்கென வகுக்கப்பட்ட மகாவலித் திட்டத்தை 1977 இன் பின்னர் ஏறத்தாழ ஆறே ஆண்டுகளிற் செய்து முடிக்க அரசு முற்பட்டபோது, விரைவே வெற்றி என்ற கருத்து மீண்டும் மேலோங்கியது. கல்லோயா அளித்த பாடம் அருகில் இருந்தும் அது கற்கப்படவில்லை.

2009 இன் பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் வீடு, வீதி, குளம் எனச் செயற்றிட்டங்கள் பல வந்து போயின. வெற்றி எண்ணிக்கையிலேயே பெரிதும் கூறப்பட்டது. அவற்றை மதிப்பிடும் பணியில் எமது மாணவரும் ஆய்வாளரும் ஈடுபடுகின்றனர். அவர்கள் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்க விரும்புகின்றோம். ஒரு செயற்றிட்டத்தின் மதிப்பீடு அது மூடப்பட்ட நாளோடு முடிவடைதல் ஆகாது. பத்தாண்டு கழித்து மீண்டும் அக்கிராமத்திற்குச் செல்லுதல் வேண்டும். மதிப்பீட்டு அறிக்கை மக்களின் மொழியில் அவர்கள் முன் வாசிக்கப்பட்டு, அவர்களின் மறுப்பும் அதனோடு சேர்த்துப் பதிவாதல் வேண்டும். ஒவ்வொரு செயப்பாட்டு வினையின் பின்னும் செய்தவர் யார் என்ற கேள்வி எழுப்பப்படுதல் வேண்டும்.

சங்ககாலத்தில் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனை நோக்கி நீர்நிலைகளைப் பெருக்குமாறு வற்புறுத்தினார். நீரைத் தேக்குவது அரசின் கடன் என்ற உணர்வு எமது மரபிற்குப் புதிதன்று. தேக்கிய நீரைப் பங்கிடும் உரிமை மக்களுக்கே உரியது என்பதை இங்கினியாகலையின் கீழே வாய்க்கால் துப்புரவு செய்த சிங்கள, தமிழ் விவசாயிகள் தம் செயலால் நிறுவினர். செயற்றிட்டங்களின் வெற்றியைப் பற்றி எழுத முற்படும் ஆய்வாளர் தொடங்க வேண்டிய இடமும் அதுவேயாகும்.